பழைய ஜப்பான் மினி டிராக்டர்: பராமரிப்பும் பழுதுபார்ப்பும்

கடைக்கு வரும் சரக்கில் இரண்டு வகை உண்டு. கம்பெனி ஏஜென்சி மூலம் பில்லோடும் உத்தரவாதத்தோடும் வருவது ஒரு வகை. அதே கம்பெனியின் பெயரோடு, ஆனால் வேறு வழியாக, குறைந்த விலைக்கு வருவது மற்றொரு வகை. இரண்டாவது வகை போலிச் சரக்கு அல்ல. அதே தொழிற்சாலையில் செய்யப்பட்ட அசல் சரக்குதான். ஆனால் பழுது வந்தால் ஏஜென்சிக்காரர் கைவிரித்து விடுவார். சோப்பு, பேட்டரி, கேமரா என்று பல பொருள்களில் இதை நம் வணிகப் பெருமக்கள் பார்த்திருக்கிறார்கள். டிராக்டரிலும் இப்படி ஒரு வியாபாரம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது.

ஜப்பானில் உழவுக்கு ஓடிய 15 முதல் 30 குதிரைத்திறன் வரையிலான சிறிய டீசல் டிராக்டர்கள் பழையதாக விற்கப்பட்டு, கப்பலேறி அமெரிக்கா, தாய்லாந்து, வியட்நாம், பிலிப்பைன்ஸ், இலங்கை போன்ற நாடுகளுக்குப் போகின்றன. முப்பது, நாற்பது வயதான வண்டிகள்கூட இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓட வைப்பது எப்படி, எங்கே பணம் போகும், எங்கே உயிருக்கே ஆபத்து என்பதைச் சொல்வதே இக்கட்டுரை.

மளிகைக் கடைக்காரருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நம் உறுப்பினர்களில் உதிரிபாகம், டயர், ஆயில், ஹார்டுவேர் வியாபாரம் செய்பவர்கள் பலர். தோப்பும் நிலமும் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அது மட்டுமல்ல, கரண்ட் போனதும் கடை வாசலில் ஓடும் டீசல் ஜெனரேட்டரும், மாவு மில்லில் ஓடும் சிறு டீசல் என்ஜினும் இதே இனம்தான். டீசலில் தண்ணீர் கலந்தால் டிராக்டருக்கு என்ன நேருமோ அதுவே ஜெனரேட்டருக்கும் நேரும்.

நம் பக்கத்தில் ஜப்பானியச் சிறு டீசல் என்ஜின் புதிதும் அல்ல. பெங்களூரின் வி.எஸ்.டி. நிறுவனம் 1967 முதல் மிட்சுபிஷி கூட்டுறவோடும், கேரளத்தின் கேம்கோ குபோட்டா கூட்டுறவோடும் பவர் டில்லர்களைச் செய்து கொடுத்தன. டெல்டாவில் வயலில் இறங்கிய பவர் டில்லரைப் பார்த்தவர்களுக்கு இந்த என்ஜின்களின் குணம் ஓரளவு தெரிந்திருக்கும்.

இவை எங்கிருந்து வந்தவை

ஒசாகாவில் 1890-ல் தொடங்கிய குபோட்டா, 1912-ல் தொடங்கிய யன்மார், 1926-ல் மட்சுயாமா நகரில் தொடங்கிய இசேக்கி ஆகியவை முக்கியமான பெயர்கள். மிட்சுபிஷி, ஷிபாவுரா, ஹினோமோட்டோ என்று இன்னும் சில உண்டு. யன்மார் நிறுவனம் 1933-ல் சிறிய அளவிலான டீசல் என்ஜினை நடைமுறைக்குக் கொண்டுவந்து பெயர் பெற்றது. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. தும்பி நிறையப் பறந்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது ஜப்பான் உழவர் நம்பிக்கை. அதனால் தும்பி என்ற பெயரையே வைக்க நினைத்தார்கள். அந்தப் பெயரை வேறொருவர் முன்பே பதிந்து வைத்திருந்ததால், பெருந்தும்பியைக் குறிக்கும் ‘யன்மா’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். டிரேட் மார்க் தொல்லை அப்போதே இருந்திருக்கிறது!

ஜப்பானில் ஒரு குடும்பத்துக்கு உள்ள நெல் வயல் சிறியது. வருடத்தில் சில வாரங்கள்தான் டிராக்டருக்கு வேலை. பிறகு கொட்டகையில் நிற்கும். புது மாடல் வந்ததும், அல்லது முதியவர் விவசாயத்தை விட்டதும், பழைய வண்டி ஏலத்துக்கு வரும். ஆகவே வயது அதிகம், ஓடிய மணி நேரம் குறைவு. இவற்றின் மதிப்புக்குக் காரணம் இதுதான்.

ஆனால் இந்த வண்டி சேற்று வயலில் ரோட்டவேட்டர் இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. எடை குறைவு. முன்பக்கம் மண் அள்ளும் லோடர் மாட்டுவதற்கு என்று பலப்படுத்தியதல்ல. ஸ்டிக்கர்கள் எல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். இந்த வித்தியாசங்களே அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்குக்குக் காரணமாயின. பழைய குபோட்டா வண்டிகளை வியாபாரிகள் இறக்குமதி செய்து விற்பதை எதிர்த்து அந்த நிறுவனம் சர்வதேச வர்த்தக ஆணையத்திடம் முறையிட்டது. பெயர் அதே பெயர்தான் என்றாலும், அமெரிக்காவுக்கென்று செய்த வண்டிக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு இருப்பதால் வாங்குபவர் ஏமாறுவார் என்று 1997-ல் ஆணையம் தீர்ப்புச் சொல்லி, அத்தகைய குபோட்டா மாடல்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. கேமட் டிரேடிங் என்ற வணிக நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது. யன்மார், இசேக்கி போன்ற வண்டிகள் அதன் பிறகும் வந்துகொண்டிருந்தன. தயாரிப்பு நிறுவனங்களோ இவற்றுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று எச்சரிக்கை வெளியிட்டன.

விற்றவர் கடையை மூடிவிட்டுப் போனால் வாங்கியவர் கதி என்ன? பாகத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே இந்த வண்டியில் மெக்கானிக்கின் கைத்திறமை பாதி என்றால், பாகத்தை அடையாளம் காணும் திறமை மீதிப் பாதி. சரக்கின் பெயரும் அளவும் தெரிந்தவர்கள் நாம். அந்த இரண்டாவது பாதியில் வியாபாரிக்குத்தான் வேலை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

புது பெயிண்டைக் கண்டு மயங்க வேண்டாம். ரப்பர் ஹோஸ், ஃபேன் பெல்ட், வயர், ஸ்டிக்கர் இவற்றின் மேலும் பெயிண்ட் படிந்திருந்தால் அவசரமாக அடித்து விற்கிறார்கள் என்று பொருள். மணிக் கணக்கு காட்டும் மீட்டரையும் நம்ப வேண்டாம், மாற்றுவது சுலபம். கிளட்ச் பெடலின் ரப்பர், பிரேக் பெடலின் தேய்மானம், பின்பக்கம் பின் மாட்டும் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருப்பது, ஸ்டீரிங்கில் உள்ள ஆட்டம் ஆகியவை பொய் சொல்லா.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்ல வேண்டும். நாம் போகும்போதே என்ஜின் சூடாக இருந்தால், “நாளைக் காலையில் வருகிறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்புவதே நல்லது. குளிர்ந்த என்ஜின் முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டுப் பிறகு தெளிந்தால் குற்றமில்லை. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வ் பக்கம் செலவு காத்திருக்கிறது. கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில் கோளாறு அல்லது அளவுக்கு மீறிய லோடு. ஓடும் என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ரயில் என்ஜின் போலப் புகை தள்ளுகிறதா, ரேடியேட்டர் தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டோ, ஹெட்டில் விரிசலோ இருக்கக்கூடும். (சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள்.)

கியர் பெட்டியின் ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தால் பாதி ஜாதகம் தெரிந்துவிடும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டிகளில் கியர் லீவரின் அடியில் உள்ள ரப்பர் உறை வெடித்துவிடும். மழை நீர் நேராக உள்ளே போகும். ஒரு சிறு ரப்பர் உறையை மாற்றாததால் பேரிங்கும் கியரும் துருப்பிடித்துப் போன வண்டிகளைப் பழைய டிராக்டர் பிரிக்கும் இடங்களில் நிறையப் பார்க்கலாம்.

மாடல் எண்ணையும் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். யன்மாரில் ஒய்.எம். 1500 என்றால் ஏறக்குறைய 15 குதிரைத்திறன். 2000 என்றால் 20. எண்ணுக்குப் பின் ‘டி’ என்று இருந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும். குபோட்டாவின் எல் வரிசையில் ‘டி.டி.’ என்பதற்கு இதே பொருள்.

நான்கு சக்கர இழுவை வண்டிக்கு டயர் மாற்றும்போது ஒரு சங்கதியை மறக்கக்கூடாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள சுற்றளவு விகிதம் கியரோடு பொருந்த வேண்டும். கிடைத்த சைஸை முன்னால் மாட்டினால் இரண்டு அச்சும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு டயரும் கியரும் தேயும். தார்ச் சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டினாலும் இதே கேடுதான்.

டீசல், காற்று, தூசி

டீசல் பம்ப்பின் உள்ளே உருளும் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் பல பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத மணல் அதைக் கீறிவிடும். தண்ணீர் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே டீசலை டிரம்மில் வைத்திருப்பவர்கள் அடியில் கடைசி இரண்டு அங்குலத்தை உறிஞ்சக் கூடாது. டேங்கை மாலையில் நிரப்பி வைத்தால் இரவுக் குளிரில் உள்ளே நீர் வியர்ப்பது குறையும். டேங்கின் கீழ் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் முத்துமுத்தாக அடியில் நிற்பது தெரியும். தெரிந்த அன்றே கழற்றிக் கொட்ட வேண்டும். ஃபில்டர் மாற்றுவதில் கஞ்சத்தனம் பண்ணி பம்ப்பைச் சர்வீசுக்கு அனுப்புவது, பூட்டு வாங்க மனமில்லாமல் கல்லாவை இழப்பதற்குச் சமம்.

ஃபில்டர் மாற்றிய பிறகோ, டீசல் தீர்ந்து நின்ற பிறகோ என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பேட்டரியைத் தீர்த்துவிட்டுப் பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுபவர்களே அதிகம். இது ஏர் லாக். சரிசெய்ய ஒரு ஸ்பானரும் ஒரு துணியும் போதும். டேங்க் டேப்பைத் திறந்துவிட்டு, ஃபில்டரின் தலையில் உள்ள சிறு ஸ்குருவைத் தளர்த்த வேண்டும். நுரையும் குமிழியுமாக வந்து, பிறகு சுத்த டீசல் வரும். இறுக்கிவிட்டு, அதேபோல பம்ப்பில் உள்ள ஸ்குரு. அதன் பிறகு நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, டிகம்ப்ரஷன் லீவர் இருந்தால் அதை இழுத்துப் பிடித்து, செல்ஃபை விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். நட்டின் அடியில் டீசல் துடித்து வந்ததும் இறுக்கினால் என்ஜின் எடுத்துக்கொள்ளும். டேங்கிலிருந்து நாசில் வரை, ஒவ்வொன்றாக, இந்த வரிசை மாறக்கூடாது. தளர்த்திய இடத்தில் விரலை வைக்கக் கூடாது. நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

குளிர் காலத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் ஹீட்டரைச் சோதியுங்கள். பல குபோட்டா என்ஜின்களில் சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக் உண்டு. பழைய யன்மார் சிலவற்றில் காற்று உள்ளே போகும் குழாயில் ஒரே ஒரு ஹீட்டர் இருக்கும்; அதன் சூடான கம்பியில் துளித்துளியாக டீசல் சொட்டி எரிந்து காற்றைச் சூடாக்கும். இதைத் தெரியாதவர்கள் ஈதர் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். சூடான ஹீட்டரின் மேல் ஈதர் பட்டால் வெடிக்கும். பிஸ்டனும் ரிங்கும் உடைந்த வண்டிகளுக்கு ஸ்ப்ரே டப்பாவே காரணம் என்று மெக்கானிக்குகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

காற்றுப் பக்கம் வருவோம். ஆயில் உள்ள ஏர் கிளீனர் என்றால் கோடு வரைதான் ஆயில் ஊற்ற வேண்டும். அதிகம் ஊற்றினால் என்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி, சாவியை எடுத்தாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும். ஃபில்டரைச் சுத்தமாக வைத்திருந்தும், அதிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் அடிப்பக்கம் வெடித்திருந்தால் பயனில்லை. விரல் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டிய இடம் அது.

தண்ணீரும் ஆயிலும்

பழைய யன்மார் ஒய்.எம். 1500 போன்றவற்றில் வாட்டர் பம்ப்பே கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். அந்த இயற்கையை வைத்தே என்ஜின் குளிர்கிறது. பம்ப் இல்லாததால் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று நினைக்கலாம். ஆனால் தண்ணீர் மட்டம் மேல் ஹோஸுக்குக் கீழே இறங்கிவிட்டால் சுற்றோட்டம் அறுந்துவிடும். ரேடியேட்டரில் பாதித் தண்ணீர் இருக்கிறதே என்று ஓட்டினால் ஹெட் போய்விடும். உள்ளே உப்புப் படிவதும் பம்ப் உள்ள வண்டியை விட இதற்கு அதிகக் கெடுதல். கிணற்று நீரைத் தவிர்த்து, கூலன்ட் கலந்த காய்ச்சி வடித்த நீரை ஊற்றுவதே முறை. ரேடியேட்டரின் வெளிப்பக்கம் புல் விதை அடைத்துக்கொள்ளும். கூர்மையான எதையும் வைத்துக் குத்தாமல், என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்தால் போய்விடும்.

பெரும்பாலான வண்டிகளில் கியர் பெட்டி, டிஃபரென்ஷியல், பின்பக்கத் தூக்கி மூன்றுக்கும் ஒரே ஆயில். இதில் சாதாரணக் கியர் ஆயிலை ஊற்றினால் ஹைட்ராலிக் பம்ப் உறிஞ்சத் திணறி ஊளையிடும். டிராக்டருக்கென்று விற்கும் ஹைட்ராலிக்–டிரான்ஸ்மிஷன் ஆயில்தான் வேண்டும். தூக்கி மெதுவாக ஏறினால் உடனே பம்ப்பை மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டாம். உறிஞ்சும் பக்கத்தில் உள்ள வலைச் சல்லடையை முதலில் கழுவிப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அது முதலாளி மாறி முதலாளி மாறியும் யார் கையும் படாமலே இருக்கும்.

மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். மழைக் காலத்தில் நிறுத்தி வைக்கும்போது பெடலை அழுத்திக் கட்டையை முட்டுக் கொடுத்து வைப்பது பழைய தந்திரம், செலவில்லாதது.

எண் தெரிந்தால் பாகம் கிடைக்கும்

பானெட்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைவிட, பாகத்தில் என்ன எண் பதித்திருக்கிறது என்பது முக்கியம். டிராக்டர் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. பேரிங், ஆயில் சீல், பெல்ட், போல்ட் எல்லாம் உலகப் பொது அளவில் வருபவை. டிராக்டரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் “இல்லை” என்று சொல்லும் அதே கடையில், எண்ணைச் சொன்னால் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

பேரிங்கை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் 6205 என்று பதித்திருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும்: 25 மி.மீ. உள்விட்டம். அதன் வெளிவிட்டம் 52, அகலம் 15. 6204 என்றால் 20, 47, 14. கடைசி இலக்கங்கள் 04 முதல் மேலே உள்ளவற்றுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும்; 00 முதல் 03 வரை 10, 12, 15, 17 மி.மீ. என்று தனி. எண்ணுக்குப் பின்னால் இரண்டு ‘இசட்’ இருந்தால் இருபுறமும் தகட்டு மூடி, ‘2 ஆர்.எஸ்.’ இருந்தால் ரப்பர் மூடி. ‘சி 3’ என்பது உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டது. அது இருந்த இடத்தில் அதையே போட வேண்டும்.

ஆயில் சீலில் 35 52 8 என்று இருந்தால் தண்டின் விட்டம், கூட்டின் விட்டம், அகலம் என்ற வரிசை. எண் அழிந்திருந்தால் வெர்னியரால் அளந்துவிடலாம். புது சீல் போட்டும் கசிகிறது என்றால் பழைய சீலின் உதடு தண்டில் பள்ளம் அறுத்திருக்கும். சீலை ஓரிரு மி.மீ. தள்ளி உட்கார வைத்தால் புது இடத்தில் உதடு பிடிக்கும். இந்த உபாயம் பலிக்காவிட்டால் மெல்லிய ஸ்லீவ் போட வேண்டும்.

போல்ட் விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். ஜப்பான் வண்டிகளில் 10 மி.மீ. போல்ட் பெரும்பாலும் 1.25 மரை, நம் ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5 மரை. இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். இறுகியதை ஸ்பானர் போட்டுத் திருப்பினால் அலுமினிய உறையின் மரை போய்விடும். கையால் முழுவதும் ஏறாத போல்ட்டை ஸ்பானரால் ஏற்றக் கூடாது. தலையின் அளவும் வேறு: 8 மி.மீ. போல்ட்டுக்கு 12 ஸ்பானர், 10-க்கு 14. மெல்லியதாகக் கூம்பும் பைப் மரையில் மட்டும் நமக்கு ஒரு வசதி. ஆயில் பிரஷர் சுவிட்ச் போன்றவற்றில் ஜப்பானியர் பயன்படுத்தும் மரை நம் ஊர் பி.எஸ்.பி. டேப்பர் மரையோடு ஒத்துப்போகும். அமெரிக்காவில் புழங்கும் என்.பி.டி. மரை அப்படியல்ல, எட்டில் ஒரு அங்குல அளவில் நமக்கு அங்குலத்துக்கு 28 மரை, அவர்களுக்கு 27. அங்கே பலர் அதை அழுத்தி ஏற்றி பிளாக்கை உடைத்துக்கொண்டார்கள்.

என்ஜின் பாகங்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஒரு கம்பெனி செய்த டிராக்டர் பல பெயர்களில் விற்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் ஜான் டீர் 1970-களின் பிற்பகுதியிலிருந்து விற்ற 650, 750, 850, 950 போன்ற சிறிய டிராக்டர்களை யன்மார்தான் செய்து கொடுத்தது. ஃபோர்டின் சிறிய டிராக்டர்களை ஷிபாவுரா செய்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த வண்டியின் பாகம் சிவப்புப் பெயிண்ட் அடித்ததற்குப் பொருந்துவது இதனால்தான். ஒரே மில் எண்ணெய் நான்கு லேபிளில் வருவது நமக்குத் தெரியாததா! அதே என்ஜின் குடும்பம் படகிலும் மண் வெட்டும் சிறு எந்திரத்திலும் ஜெனரேட்டரிலும் இருக்கும். எனவே பிளாக்கில் பதித்துள்ள என்ஜின் எண்ணைத் துடைத்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதை வைத்து பிஸ்டன், ரிங், கேஸ்கட் தேடலாம். ஆனால் இரண்டு ரிங் பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும் விட்டம், தடிமன் அளக்காமல் வாங்கக் கூடாது. ஃபில்டரிலும் மரையும் ரப்பர் வளையமும் பொருந்தினால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் வால்வும் பொருந்த வேண்டும்.

வண்டிக்கென்று ஒரு நோட்டு போடுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தின் எண், அளவு, வாங்கிய கடை, விலை, தேதி. நமக்குப் பேரேடு எழுதிப் பழகிய கை. இது பெரிய காரியமல்ல. வண்டியை விற்கும்போது அந்த நோட்டுக்கே தனி விலை கிடைக்கும்.

உயிருக்கு ஆபத்தான இடங்கள்

இந்தச் சிறிய வண்டிகளின் அகலம் குறைவு. பலவற்றில் கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவு கிடையாது. அமெரிக்காவில் டிராக்டர் சாவுகளில் முதல் காரணம் கவிழ்வதுதான். வண்டி பின்பக்கமாகத் தூக்கிக் கவிழ ஒன்றரை விநாடி போதும். குதித்துத் தப்பிக்க நேரமிருக்காது. கீழே உள்ள கொக்கியில் கட்ட வேண்டிய சங்கிலியை அச்சுக்கு மேலே கட்டி மரத்தை இழுப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். வளைவு போட வேண்டுமானால் அந்த வண்டிக்கென்று கணக்கிட்டுச் செய்ததைப் போட்டு, சீட் பெல்ட்டும் கட்ட வேண்டும். பட்டறையில் கிடைத்த பைப்பை வளைத்துப் பற்றவைத்தது நம்பிக்கையைத் தருமே தவிர பாதுகாப்பைத் தராது.

அடுத்தது பி.டி.ஓ. தண்டு. ஜப்பான் வண்டியில் இதற்கு மூன்று, நான்கு வேகம் இருக்கும். பெரும்பாலான கருவிகள் நிமிடத்துக்கு 540 சுற்றுக்கென்று செய்தவை. மேல் கியரில் போட்டால் கருவியின் கத்தி பறக்கும். பழைய வண்டிகளில் கிளட்ச்சை மிதித்தாலும், புல் வெட்டும் கருவியின் கனத்த தகடு தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே வண்டியை முன்னால் தள்ளும். வேலி முன்னால் நிற்க வேண்டிய வண்டி வேலிக்குள் போகும். ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் ஓவர்ரன்னிங் கப்ளிங் ஒன்றைத் தண்டில் மாட்டினால் இது நிற்கும். விலை அதிகமில்லை. தண்டின் மேல் மூடி இல்லாமல் வேட்டி, துண்டு, சேலை முந்தானையோடு யாரும் பக்கத்தில் போகக்கூடாது.

சாவி வேலை செய்யவில்லை என்று செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனையையும் ஸ்குரு டிரைவரால் சேர்த்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. வண்டி கியரில் இருந்தால், சக்கரத்தின் முன் நிற்கும் ஆளின் மேலேயே ஏறும். ஒரு சாவி சுவிட்சின் விலையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

பாகம் விற்கும் கடைக்காரருக்கு

வேறு வழியாக வரும் அசல் சரக்கைப் பற்றி நம் நாட்டிலும் ஒரு தீர்ப்பு உண்டு. சாம்சங் பிரிண்டர்களை நேரடியாக இறக்குமதி செய்து விற்ற வழக்கில், 2012-ல் டில்லி உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் அப்படி விற்கலாம் என்று சொன்னது. ஆனால் இது இறக்குமதிச் சரக்கு, கம்பெனியின் உத்தரவாதம் கிடையாது என்பதை வாங்குபவர் கண்ணில் படும்படி கடையில் எழுதி வைக்க வேண்டும் என்றும் சொன்னது. அமெரிக்கத் தீர்ப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்கலாம்.

பாகம் விற்கும்போதும் இதே நேர்மை போதும். இது கம்பெனி பாகமா, பொது அளவுப் பாகமா, வேறு வண்டியிலிருந்து பொருத்திப் பார்த்ததா என்பதைப் பில்லில் எழுதுங்கள். ‘யன்மார் சீல் - 1’ என்று எழுதாமல் ‘சீல் 35 52 8, முன் அச்சு, இடது’ என்று எழுதினால், அடுத்த வருடம் அந்த விவசாயி பில்லை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் கடைக்கே வருவார். அவர் வரும்போது கையில் பழைய பாகம் இருந்தால் அதை வாங்கி அளந்து பார்த்த பிறகே புதியதை எடுத்துக் கொடுங்கள். முதலாளி மாறிய வண்டியில் முன்பு யார் எதைப் பொருத்தினார்கள் என்பது யாருக்கும் தெரியாது.